ஓலியேட்டா, அசிட்டைல்அசிட்டோனேட்டா?

இரும்பு ஆக்சைடு நானோபடிகம் செய்ய எந்த வழி நல்லது என்று எம்.எஸ்சி. ஜூனியர்கள் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்க லேப்ல யுபிஎஸ் இருக்கா?" ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஒரு வழி இரும்பு ஓலியேட்டில் தொடங்குகிறது, இன்னொன்று இரும்பு அசிட்டைல்அசிட்டோனேட்டில். இரண்டிலும் அடிப்படை ஒன்றே. இரும்பின் கரிமச் சேர்மத்தைக் கொதிநிலை அதிகமான கரைப்பானில் போட்டு, நைட்ரஜன் ஓட்டத்தில் சூடாக்க வேண்டும். சேர்மம் சிதைந்து ஆக்சைடு கருக்கள் உருவாகும். ஓலிக் அமிலம் அவற்றைப் போர்த்திக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும்.

அசிட்டைல்அசிட்டோனேட் வழியை 2002இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பாட்டிலைத் திறந்து எடை போட்டுக் கொட்டினால் போதும், சேர்மத்தை நாம் செய்ய வேண்டியதில்லை. டைஃபீனைல் ஈதரில் 265 டிகிரியில் 4 நானோமீட்டர் மேக்னடைட் (காந்தத்தன்மை உள்ள இரும்பு ஆக்சைடு) கிடைக்கும். பெரிசாக வேண்டுமானால் அதையே விதையாகப் போட்டு மறுபடி வளர்க்க வேண்டும். கூடச் சேர்க்கிற ஹெக்ஸாடெக்கேன்டையாலின் விலைதான் பர்ஸைக் கடிக்கும். ஈதர் வாசனையோ சட்டையில் ஒட்டிக்கொண்டு பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வரும்.

ஓலியேட் வழி 2004இல் சியோலில் இருந்து வந்தது. மலிவான ஃபெரிக் குளோரைடும் சோடியம் ஓலியேட்டும் போதும். தண்ணீர், எத்தனால், ஹெக்ஸேன் கலவையில் 70 டிகிரியில் 4 மணி நேரம். ஹெக்ஸேன் அந்தச் சூட்டிலேயே கொதிப்பதால், சித்திரை வெயிலில் சுடுகிற மாடித் தொட்டித் தண்ணீரைக் கண்டென்சருக்கு (ஆவியைக் குளிர்விக்கிற குழாய்) விட்டால் ஹெக்ஸேன் ஆவியாகப் போய்விடும், கதை கந்தல். நாங்கள் ஜிகர்தண்டா கடைக்குப் போடுகிற ஐஸ்காரரிடமே கட்டி வாங்கி வாளியில் போட்டோம். கடைசியில் வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக ஒன்று வரும், அதுதான் இரும்பு ஓலியேட். அதைச் சரியாக உலர்த்தாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு.

அப்புறம் அதை ஆக்டாடெசீன் என்ற கரைப்பானில் நிமிடத்துக்கு 3.3 டிகிரி வீதம் 320 வரை ஏற்றி, அரைமணி நேரம் நிறுத்த வேண்டும். ஒரே தடவையில் 40 கிராம், எல்லாம் 12 நானோமீட்டர் என்று காட்டினார்கள். கருக்கள் உருவாவது 200-240 டிகிரியில், வளர்வது 300ஐ ஒட்டி. இரண்டும் வேறுவேறு நேரத்தில் நடப்பதால்தான் அளவு ஒன்றுபோல வருகிறது. எனக்கு 270இல் கரண்ட் போனது. திரும்பி வந்து மறுபடி ஏற்றியதில், காசு கட்டி எடுத்த டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் பெரிசும் பொடிசுமாகக் கலந்து கிடந்தது. யுபிஎஸ் கேள்வி அங்கே பிறந்ததுதான்.

அளவும் படமும் முக்கியமென்றால் என் ஓட்டு ஓலியேட்டுக்கே. காந்தத்தன்மைதான் வேலை என்றால் அசிட்டைல்அசிட்டோனேட் பக்கம் போங்கள். ஓலியேட் படிகத்தின் உள்ளே சிலசமயம் காந்தம் குறைந்த வுஸ்டைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடு தங்கிவிடும்.

இரண்டுமே எண்ணெய்ச் சரக்கு, தண்ணீரில் கலக்காது. சுங்குடிச் சாயக் கழிவுநீரில் நிறம் எடுக்கத்தான் புராஜெக்ட் என்றால் இந்தப் பாடெல்லாம் எதற்கு? இருவகை இரும்பு உப்புக் கரைசலில் அம்மோனியாவை ஊற்றுங்கள். அளவு ஏறுமாறாக இருந்தாலும் சாயத்துக்கு அது தெரியப்போவதில்லை.