சாய்தட்டு விதைப்பானும் விரல் நீளப் பிரஷ்ஷும்

நிலக்கடலை விதைக்கிற என் சாய்தட்டு விதைப்பானுக்குப் போன வாரம்தான் மறுபடியும் பிரஷ் மாற்றினேன். அதனால் முதலில் அதைத் திட்டிவிடுகிறேன், நல்லது அப்புறம்.

விதைப்பெட்டிக்குள் தட்டு சாய்வாகச் சுற்றும். விளிம்புக் குழி ஒவ்வொன்றும் அடியில் கிடக்கும் கடலையில் ஒன்றை ஏந்தி, மேலே கொண்டுபோய்க் குழாயில் போடும். கூடவே தொற்றி வரும் இரண்டாவது கடலையைத் தள்ளிவிடத்தான் இந்தப் பிரஷ். நைலான் முடி ஒரு பக்கமாகப் படுத்துவிட்டால் கதை முடிந்தது. 10 செ.மீ.க்கு ஒன்று விழவேண்டிய இடத்தில் இரட்டை இரட்டையாக விழும். விதைக்கடலை விற்கிற விலைக்கு வயிறு எரியும்.

தனியாகக் கேட்டால், "பெட்டியோட செட்டாத்தான் வரும் சார்" என்கிறார்கள். இன்னொரு பெட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கடைசியில் பாரிமுனை ஹார்டுவேர் கடை ஒன்றில், கரப்பான் நுழையாமல் கதவடியில் ஒட்டும் பிரஷ் பட்டையை வாங்கி வெட்டி மாட்டினேன். நன்றாகவே ஓடுகிறது. முரட்டு முடி மட்டும் வேண்டாம். கடலைத் தோல் உரிந்து, பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். பிளந்தது முளைக்காது.

நிலம் ஊத்துக்கோட்டைப் பக்கம், வீடு அம்பத்தூர். பெட்டி மூலையில் நாலு கடலை தங்கினாலும் ஷெட்டுக்கு எலி வந்துவிடும். ஆகவே விதைப்பு முடிந்ததும் தட்டு, பிரஷ், குழாய் எல்லாம் கழன்று வீட்டுப் பரணுக்கு வந்துவிடும். பிரஷ்ஷைத் தட்டில் அழுந்தியபடி மழைக்காலம் முழுக்க விட்டுவைத்தால் முடி நிமிரவே நிமிராது.

தட்டு கழுவுவது தனி வேலை. ரைசோபியம் என்கிற நுண்ணுயிர் உரத்தை அரிசிக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்கிறோம் அல்லவா, அந்தக் கஞ்சி குழிகளில் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். ஆணியால் சுரண்டினால் குழி பெரிதாகும், அப்புறம் எந்தப் பிரஷ்ஷும் உதவாது. பூசணக்கொல்லி கலந்த விதை ஓடியிருந்தால் சமையலறைப் பக்கமே போகாதீர்கள். தனி பக்கெட், கையுறை. மொட்டைமாடி வெயிலும் ஆகாது, பிளாஸ்டிக் தட்டு நெளிந்துவிடும். நிழலில் உலர்த்தி, மேலே பாரம் ஏற்றாமல் படுக்கவைத்தால் போதும். கிரீஸ் தடவினால் தூசி ஒட்டிச் சேறாகும். கிராஃபைட் தூள்தான் சரி. செயினுக்கு எண்ணெய், அவ்வளவுதான்.

அடுத்த பட்டத்துக்கு மாட்டியதும், தட்டைச் சுற்றவைக்கும் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் சுற்றி, குழாயடியில் துணி விரித்து விழுவதைப் பாருங்கள். ஒவ்வொன்றாகச் சீராக விழும்போது, நியாயமாகச் சொன்னால், மனசு குளிர்ந்துபோகிறது. நடவுக்கு ஆள் தேடி அலைந்த காலமெல்லாம் மறந்தே போச்சு. தட்டை மாற்றினால் மக்காச்சோளமும் போடலாம்.

"வாங்கலாமா மாமா?" என்று மச்சினன் கேட்டான். வேண்டாம், வாடகைக்கு எடுத்துக்கொள் என்றேன். "அப்போ உங்களோடதைக் கொடுத்துடுங்க" என்கிறான். அதெல்லாம் முடியாது.