ஐ.பி. (திவால் மனு) போட்ட பிறகு: கடனில் மறுபடி நல்ல பெயர் எடுப்பதா, ரொக்கத்திலேயே ஓட்டுவதா?

ஆந்திர எல்லையில் நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கம் விசைத்தறி வைத்து நொடித்தவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "இனி பேங்க் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன்." பட்டவர்களின் பேச்சு அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வங்கிக் கடன் வேண்டாம் என்பது வேறு, கடனே இல்லாமல் வாழ்வது வேறு.

ஒப்பிடும் முன் ஒரு காகிதத்தைத் தேடி எடுங்கள்: திவால் நிலையிலிருந்து உங்களை விடுவிக்கும் டிஸ்சார்ஜ் உத்தரவு. 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் அமலானது. தறிக்காரர் ஐ.பி. போடுவது இன்னும் 1920ஆம் ஆண்டு மாகாண திவால் சட்டப்படிதான். அதில் திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவிப்பதோடு வேலை முடிவதில்லை. அந்த டிஸ்சார்ஜ் உத்தரவைத் தனியாக வாங்க வேண்டும். அது இல்லாதவர், தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் குற்றம், ஆறு மாதம் வரை சிறை. டிஸ்சார்ஜ் இல்லையா? முதல் வேலை வக்கீல்தான், புதுக் கடனெல்லாம் அப்புறம்.

சரி, ரொக்க வழி. மாதா மாதம் தவணைக்காகத் தூக்கம் கெடாது, ஆசையும் அடங்கும். பழைய கறை குறைந்தது ஏழு ஆண்டு கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களின் பதிவில் இருக்கும். அது போனாலும் புதிதாக எதுவும் பதிவாகாததால் வரலாறே இல்லாத ஆளாகத்தான் நிற்பீர்கள். சிக்கல், தறி மோட்டார் எரிந்த அன்று வரும். அன்று வாசலுக்கு வருவது தண்டல், அதாவது தினவசூல் வட்டிக்காரர்கள். 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார்கள். சாயந்தரம் தறிக்கொட்டகைக்கே வந்து 100 ரூபாய் வாங்கி, அட்டையில் கையெழுத்துப் போட்டுப் போவார்கள், 100 நாள். ஆண்டுக் கணக்கில் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒழுங்காகக் கட்டினாலும் அந்த அட்டைக்கு எந்த வங்கியிலும் மதிப்பில்லை. ரொக்க வழியின் உண்மையான விலை இதுதான்.

நகைக்கடன் நடுவில் நிற்கிறது. ஸ்கோர் (சிபில் தரும் கடன் மதிப்பெண்) மோசமாக இருந்தாலும் கிடைக்கும். வங்கியிலோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலோ வைத்தால் பதிவாகும். தெருமுனை அடகுக்கடையில் வைத்தால் ஆகாது. இன்னொன்று, நகை பெரும்பாலும் வீட்டுக்காரம்மாவுடையது. கடன் அவர் பெயரில் என்றால் நல்ல பெயரும் அவருக்குத்தான், உங்கள் பான் எண்ணில் ஒன்றும் ஏறாது. தாலிச்சரடைப் பணயம் வைத்து ஸ்கோர் ஏற்றுவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

எஃப்.டி.யை (நிரந்தர வைப்பை) ஈடாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டுதான் என் தேர்வு. பழைய கடன் பாக்கி நின்ற வங்கியாக இல்லாமல் வேறொரு வங்கியில் 20,000 அல்லது 25,000 எஃப்.டி. போட்டால், அதில் பெரும்பகுதி அளவுக்கு லிமிட் தருவார்கள். எஃப்.டி. வட்டியும் ஓடும். மாதம் ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு கரண்ட் பில், அவ்வளவு போதும். கெடு தேதிக்கு முன் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டினால் சில கார்டுகளில் வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தையும் தாண்டும். தண்டலின் தம்பி அது.

ஆனால் எல்லோருக்கும் இது தேவையில்லை. அறுபதைத் தாண்டியவர், பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள் என்றால் ரொக்கமே போதும். அந்த 25,000ஐ அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பிள்ளை பிளஸ் டூ படிக்கிறதென்றால் கதை வேறு. கல்விக் கடனில் பெற்றோர்தான் இணைக் கடனாளி, உங்கள் கடன் ரிப்போர்ட்டையும் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் இப்போதே கார்டு போட வேண்டும். எல்லை தாண்டித் திருத்தணியில் கேட்டால் தெரியாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். பதிவு பான் எண்ணோடு போகிறது, மாநிலத்தோடு அல்ல.

எந்த வழி என்றாலும் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். தீர்ந்த கடன் இன்னும் பாக்கி என்று இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உங்களுக்கு உண்டு. "ஸ்கோரை அழித்துத் தருகிறேன்" என்று வருகிற ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சரியான பதிவை அவரால் அழிக்க முடியாது, தவறான பதிவை நீங்களே திருத்தலாம்.