ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6: வீட்டில் செய்த விமானத்தை ட்ரிம் செய்து பழக இந்த ரிமோட் போதுமா?

ஃபோம் போர்டிலோ கோரோ ஷீட்டிலோ (நெளி பிளாஸ்டிக் அட்டை) முதல் விமானத்தை ஒட்டி முடித்தவர்கள் கையில் பெரும்பாலும் இந்தக் கறுப்பு ரிமோட்தான் இருக்கிறது. ஆறு சேனல், 2.4 கிகாஹெர்ட்ஸ், நான்கு பென்சில் பேட்டரி, 20 மாடல்களுக்கு நினைவகம், 392 கிராம் எடை, ஐயாயிரம் ரூபாயை ஒட்டிய விலை. பறக்கப் பழகுவதற்கு இது தாராளமாகப் போதும். ட்ரிம் என்பது, ஸ்டிக்கை விட்டாலும் விமானம் நேராக, மட்டமாகப் போகும்படி சரிசெய்வது. ஆனால் இதன் மெனுவில் உள்ள சப்-ட்ரிம் (அசைவின் நடுநிலையை நகர்த்துவது), எண்ட் பாயிண்ட் (அசைவின் எல்லை), மிக்ஸ் (ஒரு சேனலோடு இன்னொன்றையும் அசைப்பது) எல்லாம் விமானத்தின் கோணலைக் கண்டுபிடிக்கவும் உதவும், மூடி மறைக்கவும் உதவும். பழகுபவர்களில் பாதிப் பேர் மறைக்கத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் மெனுவையும் விமானத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

கீழே வரும் அளவுகள் கல்லூரி மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் உயர்-இறக்கைப் பயிற்சி விமானத்துக்கானவை: இறக்கை நீளம் 120 செ.மீ., அகலம் 20 செ.மீ., ஏ2212 1000 கேவி (வோல்ட்டுக்கு நிமிடம் 1000 சுற்று) மோட்டார், 10×4.5 புரொப்பெல்லர், 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகக் கட்டுப்படுத்தி), நான்கு எஸ்ஜி90 சர்வோ (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்), 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லைப்போ பேட்டரி. மொத்த எடை 850 கிராமுக்குள் நின்றால் இறக்கையின் சதுர டெசிமீட்டருக்குச் சுமார் 35 கிராம் சுமை விழும். விமானம் மெதுவாகப் போகும், தப்பைத் திருத்த நேரம் தரும். ஒரு கிலோவைத் தாண்டிவிட்டால் அதை முதல் விமானமாக வைத்துக்கொள்ளாதீர்கள். பசையும் டேப்பும் எங்கே அதிகமாகிவிட்டன என்று பார்த்து இன்னொன்று செய்வதே மேல்.

ரிமோட்டை ஆன் செய்யும்போது எல்லா ஸ்விட்சும் மேலே, த்ராட்டில் (மோட்டார் வேக ஸ்டிக்) கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எச்சரித்து நிறுத்திவிடும். நல்ல பாதுகாப்பு. ஓகே பட்டனை அழுத்திப் பிடித்தால் மெனு வரும். ஓர் அமைப்பை மாற்றிய பிறகு கேன்சல் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் சேமிக்கும். லேசாகத் தட்டினால் சேமிக்காமல் வெளியே வந்துவிடும். 'செட் பண்ணினேன், ஆனால் மாறவில்லை' என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான். மாற்றியதும் மெனுவுக்குள் மறுபடி நுழைந்து எண் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சப்-ட்ரிம்முக்கு முன்னால் கைவேலை இருக்கிறது. எல்லா ட்ரிம்மும் சப்-ட்ரிம்மும் பூஜ்யத்தில் இருக்க, சர்வோ கை புஷ்ராடுக்கு (சர்வோவையும் மடிப்பையும் இணைக்கும் கம்பி) 90 டிகிரியில் நிற்க வேண்டும். எஸ்ஜி90 கையை ஒரு பல் தள்ளிப் போட்டாலே 15 டிகிரிக்கு மேல் நகர்ந்துவிடும், ஆகவே சரியாக 90 அமையாது. அந்த மிச்சத்தைச் சரிக்கட்டத்தான் சப்-ட்ரிம். எலிவேட்டர் (வாலின் கிடைமட்ட மடிப்பு) மேலே தூக்கி நிற்கிறது என்பதற்காகச் சப்-ட்ரிம்மில் கை வைக்கக் கூடாது. அது புஷ்ராடு நீளத்தின் கோளாறு. சைக்கிள் போக்ஸ் கம்பியைப் புஷ்ராடாகப் போடுபவர்கள் நடுவில் ஒரு 'வி' வளைவு விட்டுவைத்தால், குறடால் வளைவை நெருக்கினால் கம்பி குறுகும், விரித்தால் நீளும். அரை மில்லிமீட்டர் வரை சரிசெய்யலாம்.

எண்ட் பாயிண்ட் கதையும் இப்படித்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 120 சதவீதம் வரை கொடுக்கலாம். எலிவேட்டர் பின்விளிம்பு மேலும் கீழும் 10 மி.மீ., ரடர் (வாலின் செங்குத்து மடிப்பு) இரு பக்கமும் 20 மி.மீ., எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) மேலே 10, கீழே 6 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். இந்த அசைவுக்கு எண்ட் பாயிண்ட்டை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டியிருக்கிறது என்றால், புஷ்ராடைச் சர்வோ கையின் உள்துளைக்கு மாற்றுங்கள், அல்லது மடிப்பில் ஒட்டியிருக்கும் கண்ட்ரோல் ஹார்னின் வெளித்துளைக்கு. சர்வோவின் பல்சக்கர ஆட்டம் எப்போதும் ஒரே அளவுதான். முழு அசைவில் அது தெரியாது. கால்வாசி அசைவை மட்டும் பயன்படுத்தினால் அந்த ஆட்டம் பெரிதாகத் தெரியும், ஸ்டிக்கை விட்டதும் எலிவேட்டர் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட விமானத்தை எத்தனை தடவை ட்ரிம் செய்தாலும் நிலைக்காது.

டூயல் ரேட் (மொத்த அசைவைக் குறைப்பது), எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்குவது) இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பழகுபவருக்கு எய்லரானிலும் எலிவேட்டரிலும் ரேட் 70, எக்ஸ்போ 30 சதவீதம் பொருத்தம். எக்ஸ்போவுக்குக் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்தில் தெரியும் வளைகோட்டை நம்புங்கள். கோடு நடுவில் படுத்து ஓரங்களில் நிமிர்ந்தால் சரி. நடுவில் செங்குத்தாக எழும்பினால் விமானம் லேசாகத் தொட்டாலே துள்ளும்.

அடுத்தது ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு. வேலி ஓரம், மாடு மேயும் இடம், பக்கத்தில் குழந்தைகள் என்றுதான் நம் மைதானங்கள் இருக்கின்றன. சிக்னல் போனால் மோட்டார் நின்றே ஆக வேண்டும். சிஸ்டம் மெனுவில் ஆர்எக்ஸ் (விமானத்தில் உள்ள ரிசீவர்) செட்டப், அதில் ஃபெயில்சேஃப், அதில் சேனல் 3. த்ராட்டிலை அடிமட்டத்தில் பிடித்தபடி ஆன் செய்து சேமிக்க வேண்டும். பிறகு புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரைக் கால்வாசி த்ராட்டிலில் ஓடவிட்டு, ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்காவிட்டால் அந்த விமானம் தரையைவிட்டு எழும்பவே கூடாது. த்ராட்டில் ஹோல்டை (மோட்டாரை ஓடாமல் பூட்டுவது) ஒரு ஸ்விட்சுக்குக் கொடுத்துவிட்டால், பேட்டரி மாட்டிய பிறகு கை தவறி ஸ்டிக் பட்டாலும் விரல் தப்பும்.

இனி சிஜி, அதாவது எடைமையம். 20 செ.மீ. அகல இறக்கைக்கு முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ.யில் தொடங்குங்கள். இரு விரல் நுனியில் அந்த இடத்தில் தூக்கினால் மூக்கு லேசாகத் தாழ்ந்து நிற்க வேண்டும். சரிசெய்ய ஈயத்தைத் தேட வேண்டாம், பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வால் கனத்த விமானத்தை எந்த ரிமோட்டாலும் அடக்க முடியாது. மூக்கு கனத்தது ஒழுங்காகப் பறக்காது, ஆனாலும் திரும்பி வந்து சேரும்.

புறப்படும் முன் திரையில் மாடலின் பெயர் சரியா என்று பாருங்கள். வேறு மாடல் தேர்வாகியிருந்தால் சர்வோக்களின் திசை (ரிவர்ஸ்) எல்லாம் மாறிக் கிடக்கும். விமானத்துக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே. முதல் பறத்தலிலேயே நொறுங்கும் விமானங்களில் எய்லரான் தலைகீழாக இருந்தவை ஏராளம்.

முதலில் மோட்டார் இல்லாமல், புல் உயரமாக வளர்ந்த தரையில், காற்றுக்கு எதிராக, மட்டமாக, ஈட்டி எறிவதுபோல் நேராக எறிந்து பாருங்கள். மூக்கைத் தூக்கித் தயங்கி விழுந்தால் பேட்டரியை 5 மி.மீ. முன்னால் தள்ளுங்கள். நேராகத் தரையில் குத்தினால், சிஜி சரியாக இருக்கும் பட்சத்தில், எலிவேட்டரை ஒரு மில்லிமீட்டர் மேலே வையுங்கள்.

பறக்கவிட்ட பிறகு 40 மீட்டர் உயரத்துக்குப் போய், பாதி த்ராட்டிலில், காற்றுக்கு எதிராக நேராக வந்து ஸ்டிக்கை ஒரு கணம் விடுங்கள். முதலில் எய்லரான் ட்ரிம், பிறகு எலிவேட்டர், கடைசியில் ரடர். இங்கே ஐ6 நன்றாக உதவுகிறது: ஒவ்வொரு தட்டலுக்கும் பீப் கேட்கும், நடுவுக்கு வந்தால் ஒலி மாறும். கண்ணை விமானத்திலிருந்து எடுக்காமலே எண்ணிக்கொள்ளலாம். இரண்டு, மூன்று தட்டலாகப் போங்கள், ஒவ்வொரு தடவையும் விட்டுப் பாருங்கள்.

தரையிறக்கியதும் எதையும் தொடாமல், எலிவேட்டரும் எய்லரானும் எந்த நிலையில் நிற்கின்றன என்று அளவுகோல் வைத்துக் குறியுங்கள். பிறகு ட்ரிம்களை நடுவுக்குக் கொண்டுவந்து, அதே நிலை வரும்வரை புஷ்ராடைச் சரிசெய்யுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. செய்யாமல் விட்டால், அடுத்த தடவை ட்ரிம் பட்டன் தெரியாமல் நகர்ந்திருக்கிறதா, உண்மையிலேயே அங்கேதான் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

எலிவேட்டரை நிறைய மேலே ட்ரிம் செய்த பிறகுதான் மட்டமாகப் போகிறது என்றால் ட்ரிம்மோடு நிறுத்தாதீர்கள். நல்ல உயரத்தில் த்ராட்டிலை மூடி, 30 டிகிரி சரிவில் இறக்கி, எலிவேட்டரை விட்டுவிடுங்கள். விமானம் வேகமாக மூக்கைத் தூக்கினால் மூக்கு கனம். பேட்டரி 5 மி.மீ. பின்னால் போகட்டும். சரிவு மேலும் செங்குத்தானால் வால் கனம்; உடனே இழுத்து மீட்டு, இறக்கி, பேட்டரியை முன்னால் வையுங்கள். மெல்ல, நீண்ட வளைவில் தானாக நிமிர்வதுதான் பயிற்சி விமானத்துக்கு வேண்டியது.

த்ராட்டில் கொடுத்தால் மட்டும் மேலே பாய்கிறது, மூடினால் சரியாக மிதக்கிறது என்றால் குறை மோட்டாரின் கோணத்தில் இருக்கிறது. ஐ6-இல் உள்ள மூன்று மிக்ஸ்களில் ஒன்றை எடுத்து, த்ராட்டிலோடு எலிவேட்டர் கீழே போகும்படி வைக்கலாம். நிறையப் பேர் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பயிற்சி விமானத்தில் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மோட்டார் தகட்டின் மேல் இரண்டு திருகுகளுக்குப் பின்னால் 1 மி.மீ. வாஷர் போடுங்கள், துளைகளுக்கு இடையே 25 மி.மீ. இருந்தால் 2.3 டிகிரி கீழ்நோக்கிய கோணம் கிடைக்கும். முழு த்ராட்டிலில் இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கத் திருகுகளுக்கு ஒரு வாஷர். மிக்ஸ் எண்களை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, ரிமோட் மாறினாலும் சரிசெய்தது அப்படியே இருக்கும்.

நம் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. க்ளூ கன்னால் ஒட்டிய கண்ட்ரோல் ஹார்ன் காலையில் உறுதியாக இருக்கும். வெயிலில் நிறுத்திய காரிலிருந்து மதியம் எடுத்தால் பசை இளகி, ஹார்ன் சாய்ந்திருக்கும். காலையில் செய்த ட்ரிம் சாயங்காலம் மாறியது ஏன் என்று மெனுவுக்குள் தேடாமல் ஹார்னை ஆட்டிப் பாருங்கள். மோட்டார் தகட்டுக்கும் ஹார்னுக்கும் எபாக்ஸிதான் சரி. காலை எட்டு மணிக்குள் பறப்பது காற்றுக்கும் நல்லது, பசைக்கும் நல்லது.

பழகுவதைப் பொறுத்தவரை, ரிமோட்டின் பின்னால் இருக்கும் சாக்கெட் இதன் பெரிய பலம். யூஎஸ்பி சிமுலேட்டர் கேபிள் வாங்கிக் கணினியில் இதே ஸ்டிக்கால் பயிற்சி செய்யலாம்; பிகாசிம் என்ற சிமுலேட்டர் இலவசம். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரிவதுதான் எல்லோரையும் தடுமாறவைக்கும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளினால் நிமிர்ந்துவிடும். இது யோசிக்காமல் கைக்கு வரும்வரை சிமுலேட்டரை விடாதீர்கள். ட்ரெய்னர் மோடில் இரண்டு ஐ6-களைக் கேபிளால் இணைத்தால், மாணவர் தடுமாறும் நொடியில் ஆசிரியர் ஸ்விட்சை விட்டுக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். அருகில் அனுபவசாலி இருந்தால் இந்த வழியே எல்லாவற்றிலும் சிறந்தது.

குறைகளும் உண்டு. ஐஏ6பி ரிசீவருடன் திரையில் தெரியும் மின்னழுத்தம் ஈஎஸ்சி தரும் 5 வோல்ட்தான். லைப்போ காலியாவதை அது சொல்லாது. ஒரு லைப்போ அலாரம் வாங்கி, செல்லுக்கு 3.5 வோல்ட்டில் கத்தும்படி வைத்து விமானத்திலேயே மாட்டுங்கள். ரிமோட் 4.2 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கும். ரீசார்ஜ் செல் நான்கு சேர்ந்தே 4.8 வோல்ட் என்பதால் திரையில் பேட்டரி ஆரம்பத்திலேயே குறைவாகத் தெரியும். பயப்பட வேண்டாம், ஆனால் எச்சரிக்கை ஒலித்தால் உடனே இறக்கிவிடுங்கள். ரிமோட்டில் சார்ஜ் செய்யும் வசதி இல்லை. ஃப்ளாப்பும் எய்லரானும் சேர்ந்து இயங்கும் பெரிய கிளைடர் வரை போக நினைப்பவர்களுக்கு மூன்று மிக்ஸ் போதாது. அவர்கள் தொடக்கத்திலேயே எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் ஓடும் ரேடியோமாஸ்டர் வகைக்குப் போகலாம். பறக்கும் இறக்கை, வி-வால் இரண்டுக்கும் ஐ6-இலேயே தனி மெனு இருக்கிறது.

இடத்தைத் தேர்வு செய்யும்போது அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. தொலைவில் 60 மீட்டர்தான்.

வாங்கும்போது மோட் 2, அதாவது த்ராட்டில் இடது கையில், என்று கேட்டு வாங்குங்கள். ரிசீவர் ஐஏ6 வெறும் 6.4 கிராம், ஐஏ6பி 14.9 கிராம், இந்த அளவு விமானத்துக்கு எடை வித்தியாசம் பொருட்டே இல்லை, ஐஏ6பி-யையே எடுங்கள். அதன் இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, லைப்போவையும் மோட்டார் வயரையும் விட்டுத் தள்ளி இருக்கும்படி உடலின் பக்கச் சுவரில் டேப்பால் ஒட்டிவிடுங்கள்.