பூண்டு நடவு: இலையுதிர் காலமா, வசந்தமா?

கனடாவின் தெற்கு ஒன்ராறியோவில் பூண்டை அக்டோபரிலும் நடலாம், மண் இளகும் ஏப்ரலிலும் நடலாம். அக்டோபரில் ஊன்றிய பல், மண் உறைவதற்கு முன்பே வேர்விட்டு, பனியின் கீழ் குளிர்காலம் முழுவதையும் கழித்து, அந்தக் குளிரின் தூண்டுதலாலேயே அடுத்த ஜூலையில் பல பற்களாகப் பிரிந்த முழுப் பூண்டாகிறது. ஏப்ரலில் நட்டதற்கோ போதிய குளிர் கிடைப்பதில்லை. தோண்டினால், பல நேரங்களில் சின்ன வெங்காயம் போல் உருண்ட, பிரியாத ஒற்றைப் பூண்டுதான் கையில் வரும்.

நான் அக்டோபரையே பரிந்துரைப்பேன். கூர்முனை மேல்நோக்க, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மேலே வைக்கோலைக் கனமாகப் பரப்ப வேண்டும். இல்லையெனில் மண் மாறி மாறி உறைந்து இளகும்போது பல் வெளியே தள்ளப்பட்டுவிடும். நீர் தேங்கும் களிமண் நிலத்தில் மட்டும், பல் அழுகிவிடும் என்பதால், விதைப் பூண்டைச் சில வாரங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து ஏப்ரலில் நடுவதே பாதுகாப்பானது.