நன்றாகக் காவல் காத்தது, ஆனாலும் நீக்கிவிட்டேன்

வீட்டுக் கணினிக்குப் பணம் கொடுத்து வைரஸ் தடுப்பு மென்பொருள் வாங்கத்தான் வேண்டுமா என்று பட்டர்வொர்த்தில் இருக்கும் நண்பர் ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்டிருந்தார். அவர் கேட்ட நேரம் அப்படி: பல ஆண்டுகளாகச் சந்தா கட்டிவந்த மென்பொருளின் சந்தா தானாகவே புதுப்பிக்கப்படுவதை நான் நிறுத்திய சில நாள்களிலேயே, அந்த நிறுவனம் பழைய விலையில் பாதிக்கும் கீழே இறங்கி வந்து, ‘உங்களுக்காக மட்டும்’ என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. இத்தனை காலமும் முழு விலை கொடுத்தவனுக்கு அதைப் படித்ததும் வந்த எரிச்சல் கீழே ஆங்காங்கே தலைகாட்டலாம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தப் பழக்கம் அதற்கு மட்டும் உரியதன்று.

முதலில் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் மேசைக்கணினியைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரான என் மனைவியும், படிவம் 4 படிக்கும் மகனும், தொடர் நாடகம் பார்க்கும் என் அம்மாவும் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். மனைவியின் விரலி (பென்டிரைவ்) வகுப்பறை, ஆசிரியர் அறை, போட்டோஸ்டாட் கடை என்று ஊர் சுற்றி வருவதால், அதில் எது ஒட்டிக்கொண்டு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு முறை அதைத் திறந்தபோது, ‘ஆண்டு 5 பயிற்சிகள்’, ‘தேர்வுத் தாள்’ என்று எல்லாக் கோப்புறைகளும் வழக்கம்போலவே இருந்தன. ஆனால் ஒவ்வொரு கோப்புறைச் சின்னத்தின் கீழ் மூலையிலும் வளைந்த சிறிய அம்புக்குறி ஒன்று முளைத்திருந்தது. உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயர்களில் குறுக்குவழிகளை வைத்து, அவற்றைச் சொடுக்கும் கையாலேயே தன்னை இயக்கிக்கொள்ளும் புழு வகை அது. யாரும் சொடுக்குவதற்கு முன்பே மென்பொருள் அந்தக் குறுக்குவழிகளைப் பிடித்துத் தனிமைப்படுத்திவிட்டது; மறைந்திருந்த கோப்புகளும் சேதமின்றிக் கிடைத்தன. கணினியின் வேகத்தையும் அது பெரிதாகக் குறைத்ததில்லை. கண்டுபிடிக்கும் திறனில் நான் ஒரு குறையும் சொல்ல முடியாது.

என் சண்டை அதன் வாயோடுதான். திரையின் வலது கீழ் மூலையில் சிவப்புப் பட்டையுடன் ஒரு பெட்டி எழும். ‘உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது’ என்பதுபோல ஒரு வரி, அதன் கீழே கண்ணைப் பறிக்கும் பச்சைப் பொத்தான், அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் ‘பிறகு நினைவூட்டு’ என்ற சிற்றெழுத்து. ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமே இல்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினால், கணினியைச் சுத்தப்படுத்தும் கருவி, கடவுச்சொல் பெட்டகம், இணையத் தொடர்பை மறைத்துக் காக்கும் விபிஎன் என்று அவர்களிடமே இருக்கும் வேறொரு பொருளின் விலைப் பட்டியல் திறக்கும். உண்மையில் ஒரு கோப்பில் நச்சு நிரல் இருந்தபோது எழுந்த பெட்டியும் இதே சிவப்பு, இதே மூலை, இதே ஓசைதான். திருடன் சுவரேறும்போதும் சம்பள உயர்வு வேண்டும்போதும் ஒரே மாதிரி விசில் ஊதும் ஜாகாவை (காவலாளியை) எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?

இதனால் வீட்டில் இரண்டு வகைப் பழக்கம் வேரூன்றியது. மகன் அந்த மூலையில் எது வந்தாலும் படிக்காமலே மூடிவிடுவான். அம்மாவோ எது வந்தாலும், “தம்பி, ஏதோ செவப்பா வந்திருக்கு, வந்து பாருப்பா” என்று அழைப்பார்; நான் வீட்டில் இல்லாவிட்டால், பச்சைப் பொத்தானை அழுத்திவிடுவார்.

மோசடிக்காரர்களுக்கு வேண்டியதும் இந்த இரண்டு பழக்கங்கள்தாம். ஏதோ ஒரு காணொளித் தளம், ‘நீங்கள் ரோபோ இல்லையென்றால் அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்கும். அழுத்தினால் அந்தத் தளம் உலாவி வழியாக அறிவிப்பு அனுப்பும் உரிமையைப் பெற்றுவிடும். பிறகு அதே வலது கீழ் மூலையில், பிரபல வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் சின்னங்களைத் திருடி ஒட்டிக்கொண்டு, ‘ஐந்து வைரஸ்கள் கண்டறியப்பட்டன’ என்று பெட்டிகள் வரிசையாக எழும். அம்மாவின் கணக்கில் இப்படி வந்தபோது கணினி முழுவதையும் அலசச் சொன்னேன். மென்பொருள் ஒன்றும் இல்லை என்றது. அது சொன்னது சரி, ஏனெனில் அங்கே கோப்பு எதுவும் இல்லை, ஓர் அனுமதி மட்டுமே இருந்தது. உலாவியின் அமைப்புகளில் தள அனுமதிகளுக்குள் சென்று, அறிவிப்புகள் என்ற பகுதியில் அந்தத் தளத்தை நீக்கியதும் தொல்லை நின்றது. போலிப் பெட்டியையும் நாங்கள் பணம் கட்டும் பெட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எது எது என்று சொல்ல எனக்கே சில நொடிகள் ஆனது. இப்படிப்பட்ட பெட்டியில் இருக்கும் எண்ணை அழைத்துப் பணத்தை இழந்தவர்கள் மலேசியாவில் உடனே அழைக்க வேண்டியது தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

அண்மைக் காலமாகப் பரவும் இன்னொரு தந்திரம் இதைவிடத் துணிச்சலானது. மனிதர்தானா என்று சோதிப்பதுபோல் ஒரு பக்கம் தோன்றி, விண்டோஸ் விசையுடன் ‘ஆர்’ விசையையும், அடுத்து ‘கன்ட்ரோல்’ விசையுடன் ‘வி’ விசையையும், கடைசியில் ‘என்டர்’ விசையையும் அழுத்தச் சொல்கிறது. அந்தப் பக்கம் நமக்குத் தெரியாமல் நகலெடுத்து வைத்த கட்டளையை நம் கையாலேயே இயக்க வைப்பதுதான் சூழ்ச்சி. இப்படி நுழையும் உளவு நிரல்கள் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களோடு, நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் தளங்கள் நம்மை அடையாளம் காண உலாவியில் வைத்திருக்கும் குக்கீகளையும் அள்ளிச் செல்வதால், கடவுச்சொல் இல்லாமலே நம் கணக்குக்குள் புகுந்துவிட முடிகிறது. ஆபத்து நம் கையைக் கேட்டு வரும் காலத்தில், படிக்காமல் அழுத்தும் பழக்கத்தை ஒரு பாதுகாப்பு மென்பொருளே வளர்த்துவிடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தக் கட்டண மென்பொருளை நீக்கிய பிறகு கணினி காவலின்றி நிற்கவில்லை. விண்டோஸுடனே வரும் டிஃபெண்டர், வேறொரு தடுப்பு மென்பொருள் இருக்கும்வரை ஒதுங்கி நிற்கும். அது போனதும் தானே பொறுப்பேற்கும். 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது வந்த உளவு நிரல் தடுப்பியிலிருந்து வளர்ந்து, 2012இல் விண்டோஸ் 8 உடன் முழுமையான வைரஸ் தடுப்பானது அது. இயங்குகிறதா என்று பார்க்க, ஐகார் எனப்படும் 68 எழுத்துக்குறிகள் கொண்ட தீங்கற்ற சோதனை வரியை நோட்பேடில் ஒட்டிச் சேமித்தேன். உடனே பிடித்தது, ஒரே அறிவிப்பு தந்தது, எதையும் விற்க முயலவில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நிரல்களுக்கு எதிராக, ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புறைகளில் அறியாத செயலிகள் கைவைக்காமல் தடுக்கும் வசதி அதில் 2017 முதல் இருக்கிறது. ஆனால் அதை நாமேதான் இயக்கிக்கொள்ள வேண்டும். டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும்போது அது வேலை செய்யாது. அம்மாவுக்கும் மகனுக்கும், கணினி அமைப்புகளை மாற்றும் நிர்வாகி உரிமை இல்லாத கணக்குகளைத் தந்ததும் அதே நாளில்தான். மகன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

இழந்தது ஒன்று உண்டு. எந்த உலாவியில் போலி வங்கிப் பக்கத்தைத் திறந்தாலும் கட்டண மென்பொருள் ஒரே மாதிரி தடுத்தது. இப்போது குரோமின் எச்சரிக்கை வேறு, எட்ஜின் எச்சரிக்கை வேறு என்று அம்மாவுக்கு இரண்டையும் விளக்க வேண்டியிருக்கிறது.

நண்பரின் கணினி இன்னும் விண்டோஸ் 10 என்பதால் அவருக்கு என் பதில் வேறு. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஓட்டை அடைபடாத இயங்குதளத்தின் மேல் எந்தத் தடுப்பு மென்பொருளை ஏற்றினாலும் அது பாதிக் காவல்தான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது; அதை நிறுவாத கணினிகள்தாம் மாட்டின. ஆகவே சந்தாவுக்கான பணத்தை விண்டோஸ் 11க்கு மாறுவதற்கோ, நகலெடுத்ததும் கழற்றி வைக்கக்கூடிய ஒரு வெளிப்புற வட்டுக்கோ செலவிடுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

மதிப்பெண் கேட்டால் அந்த மென்பொருளுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன், வாங்க வேண்டாம் என்றும் சொல்வேன். முரண்பாடு எனக்கே தெரிகிறது. விரலி ஓயாமல் ஊர் சுற்றும் வீடாக இருந்து, அப்படியும் வாங்கித்தான் ஆவேன் என்பவர்கள், முதல் நாளே சந்தாவின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, ‘சிறப்புச் சலுகைகள்’ என்ற அறிவிப்பையும் அணைத்துவிடுங்கள். எங்களுடையதில் அது அமைப்புகளுக்குள் பல அடுக்குகள் தாண்டி ஒளிந்திருந்தது. புதிய பதிப்பு நிறுவப்படும்போதெல்லாம் தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கிவிடும்.