பவளத் தொட்டிக்கு வயல் உரம்: 13-0-45, 0-52-34 பாக்கெட்டுகளோடு எட்டு மாதம்

"என்ன பயிருக்கு அம்மா?" என்று கேட்டார் செங்கல்பட்டு உரக்கடைக்காரர்.

"பவளத்துக்கு" என்றேன்.

"பவளமல்லிக்கு எதற்கு இதெல்லாம்? சாணி எருவே போதுமே."

கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், அதற்குள் உயிருள்ள பவளம் என்று நான் விளக்கியதும், நிலக்கடலைக்கு ஜிப்சம் வாங்க வந்து நின்றவர் குறுக்கே புகுந்தார். "கடல் தண்ணீருக்கு உரம் போட்டு என்ன விளையப் போகிறது?" நியாயமான கேள்விதான். ஓர் ஆண்டுக்கு முன்பு என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் தொட்டியின் நோய் அதீதச் சுத்தம். பெரிய ஸ்கிம்மர் (நுரையோடு கழிவை வெளியேற்றும் கருவி), பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள், கணக்குப் பார்த்துப் போடும் தீனி என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்ததில் நைட்ரேட்டும் பூஜ்யம், பாஸ்பேட்டும் பூஜ்யம். மூன்றாவது மாதம் மணல்மேல் பழுப்பு நிறத்தில் சளிபோல ஒன்று படர்ந்தது. நுனியில் காற்றுக் குமிழிகள். காலையில் குறைவு, மாலையில் கொள்ளை. டைனோ என்று தொட்டி வைத்திருப்பவர்கள் சுருக்கிச் சொல்லும் டைனோஃபிளாஜெல்லேட், கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் உயிரிகளின் கூட்டம். மற்ற பாசிகளும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒடுங்கும்போது காலியான இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. சோவாந்திட்கள் (பூப்போல விரியும் சின்னப் பவள வகை) இதழை விரிக்கவே இல்லை. (நான் வைத்திருப்பது சோவாந்திட், காளான் பவளம், தோல் பவளம் மட்டுமே. கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. "கிடைக்கும் மேடம், மெதுவாகக் கேளுங்கள்" என்பவர்களிடம் நான் போவதில்லை.)

அந்தப் பட்டினியைப் போக்க நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் நாமே கொஞ்சம் சேர்க்க வேண்டும். அதற்கான கரைசல்கள் வெளிநாட்டுப் புட்டிகளில் விற்கின்றன. உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் ஓர் உப்பும்தான். மருந்துக் கடையில் பதினாறு ஆண்டு வேலை பார்ப்பவளுக்கு, தண்ணீருக்கு அந்த விலை கொடுக்கக் கை வரவில்லை. இரண்டு உரப் பாக்கெட்டுகளை வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, எண்தான் முக்கியம். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) என்ற வரிசையில் அளவைச் சொல்வது அது.

13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட், நம் ஊர் வெடியுப்பு. அதிலுள்ள தழைச்சத்து முழுவதும் நைட்ரேட்டாகவே இருக்கிறது என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். 19-19-19 மலிவு என்று அதன்பக்கம் போய்விடாதீர்கள். அதில் யூரியாவும் அம்மோனியமும் உண்டு. 12-61-0 அம்மோனியம் பாஸ்பேட், அதுவும் வேண்டாம். நுண்ணூட்டம் சேர்த்தது என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். அதில் செம்பு இருக்கலாம், நத்தையும் இறாலும் செத்துப்போகும்.

இனி கணக்கு. என் தொட்டி பெயரளவில் 200 லிட்டர். பாறை, மணல் போக உண்மையான தண்ணீர் 160 லிட்டர். முதல்முறை நிரப்பும்போது இருபது லிட்டர் கேனில் எட்டு என்று எண்ணி ஊற்றியதால் எனக்கு இது நிச்சயம். 13-0-45இல் எடைக்கு 57.6 சதவீதம் நைட்ரேட். 28 கிராமை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து 500 மில்லியாக்கினால், அதில் 5 மில்லி என் தொட்டியில் நைட்ரேட்டை 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) உயர்த்தும். உங்கள் தொட்டி வேறு அளவென்றால் கிராமை அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கரைக்கும்போது ஒரு வேடிக்கை. சித்திரை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, தூளைப் போட்டுக் குலுக்கிய பாட்டில் கைக்குள்ளேயே குளிர்ந்தது. வெளிப்புறம் வியர்த்து மேசையில் வட்டமாக ஈரம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் என்று நினைத்து என் மகன் வாய் வைக்கப் போனான். அன்றைக்கே லேபிள் ஒட்டினேன். இந்த உப்பு கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் பெயருக்கேற்ற குணமும் உண்டு. அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி பக்கம் பாக்கெட்டை வைக்காதீர்கள்.

பாஸ்பேட்தான் பொல்லாதது. இரண்டாவது பாக்கெட்டான 0-52-34 மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்; அதில் கிட்டத்தட்ட 70 சதவீதம் பாஸ்பேட். 5 மில்லி ஊற்றினால் 0.02 பிபிஎம் ஏற வேண்டும் என்றால் அரை லிட்டருக்கு 0.46 கிராம் போதும். என் சின்னத் தராசு 0.1 கிராமுக்குக் கீழே காட்டாது. அதனால் 4.6 கிராமில் 500 மில்லி தாய்க் கரைசல் செய்து, அதில் 50 மில்லியை எடுத்து மறுபடி 500 மில்லியாக்கினேன். கடையில் தினமும் செய்கிற வேலை, இதில் எனக்கு என்ன தடுமாற்றம் என்ற இறுமாப்பு.

அந்த இறுமாப்பு ஐந்தாவது வாரத்தில் அடங்கியது. இரண்டும் ஒரேமாதிரி பாட்டில். ஓர் இரவு அவசரத்தில் தாய்க் கரைசலிலிருந்தே 5 மில்லியை ஊற்றிவிட்டேன். பத்து மடங்கு. ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் கருவி பாஸ்பரஸ் 81 பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றது, பாஸ்பேட்டாக்க 3.07ஆல் பெருக்க வேண்டும், 0.25 பிபிஎம். தூக்கம் போயிற்று. மூன்றாம் நாள் அது 0.11க்குத் தானாக இறங்கியது. கண்ணாடியில் பச்சைப் படலம் தடித்ததைத் தவிர சேதம் ஒன்றுமில்லை. இப்போது தாய்க் கரைசல் சிவப்பு மூடிப் பாட்டிலில், வேறு அலமாரியில் இருக்கிறது.

அது இறங்கியதற்குக் காரணம் பாறை. நாம் போடும் பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட். பாஸ்பேட்டைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். முதல் மூன்று வாரம் தினமும் ஊற்றியும் கருவி பூஜ்யமே காட்டியதும் இதனால்தான். அந்த நாட்களில் பொறுமையிழந்து அளவை இரட்டிப்பாக்கியவர்கள் பிறகு பச்சைப் பாசியோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஊற்றுவதற்கு முன் சோதியுங்கள். எண் ஏறத் தொடங்கினால் அளவைக் குறையுங்கள். பாஸ்பேட் சோதனைக் குப்பியில் விரல் ரேகை பட்டால்கூட எண் மாறும், துடைத்துவிட்டு வையுங்கள்.

ஏழாவது வாரத்தில் டைனோ போய்விட்டது. உரம்தான் விரட்டியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நடுவில் மூன்று நாள் விளக்கையும் அணைத்து வைத்தேன், இரும்புத் துகளையும் எடுத்துவிட்டேன். ஆனால் முன்பு விளக்கை மட்டும் அணைத்தபோது ஒரு வாரத்தில் திரும்பி வந்தது, இம்முறை வரவில்லை. இப்போது நைட்ரேட் 6, பாஸ்பேட் 0.06 அளவில் நிற்கிறது. சோவாந்திட் கூட்டத்தில் பதினோரு தலை இருந்தது, நேற்று எண்ணியபோது இருபத்தாறு.

குறைகளையும் சொல்கிறேன். 13-0-45 பாக்கெட்டுக்கு மறுபடி மூட ஜிப் கிடையாது; சென்னைக் காற்றில் ஒரே மாதத்தில் கட்டி தட்டியது. கரைசலின் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய வண்டல் தங்கியது. வடிதாளில் வடித்தே பயன்படுத்துகிறேன். நைட்ரேட்டோடு பொட்டாசியமும் சேர்ந்தே போகிறது: 10 பிபிஎம் நைட்ரேட்டுக்கு ஆறு பிபிஎம்முக்குச் சற்று மேல். கடல்நீரில் இயல்பாகவே 400 பிபிஎம் இருப்பதால் வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுகிற எனக்கு அது பிரச்சினையில்லை. தண்ணீரே மாற்றாதவர்கள் சோடியம் நைட்ரேட் வாங்குவது நல்லது.

பணம்? 13-0-45 ஒரு கிலோ, 28 கிராம் கணக்கில், நாளைக்கு 5 மில்லி என்றால் பத்து ஆண்டு வரும். 0-52-34 ஒரு கிலோ என்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம். போட்டுப் பார்த்தேன், 595 ஆண்டு. அதை மட்டும் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில், தரமானதாக, நூறு கிராம் வாங்குங்கள். என் பாக்கெட்டில் பாதியை மாடித் தோட்டம் வைத்திருக்கும் எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அவருடைய தக்காளிச் செடிக்கு எத்தனை கிராம் என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது, செங்கல்பட்டில் கேளுங்கள் என்றேன்.