ஆறு நாள் வியட்நாம்: வடக்கா, நடுப்பகுதியா?

வியட்நாமின் பணத்தாள்களை எடுத்துப் பார்த்தாலே இந்தப் போட்டி தெரிந்துவிடும். 20,000 டாங் தாளில் ஹோய் அன் ஊரின் ஜப்பானியப் பாலம். 50,000 தாளில் ஹுவே ஆற்றங்கரை மண்டபம். 1 லட்சத்தில் ஹனோய் இலக்கியக் கோயிலின் வாசல் மாடம். 2 லட்சத்தில் ஹாலாங் விரிகுடாவின் தூபக்கால் பாறை. வடக்குக்கு இரண்டு (ஹனோய், ஹாலாங்), நடுப்பகுதிக்கு இரண்டு (ஹோய் அன், ஹுவே). ஆறு நாள் விடுப்பில் போகிறவர் இரண்டில் ஒன்றைத்தான் உருப்படியாகப் பார்க்க முடியும்.

நம் ஊரில் விற்கும் பேக்கேஜ்கள் பெரும்பாலும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஹனோய், ஹாலாங், டா நாங், சைகோன் என்று நான்கையும் ஒரே மூச்சில் அடுக்குவார்கள். ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதை 1,726 கி.மீ. ஆகவே நடுவில் இரண்டு உள்நாட்டு விமானங்கள். விமானம் பறப்பது ஒன்றேகால் மணி நேரம்தான். அறையைக் காலி செய்வது, விமான நிலையத்தில் காத்திருப்பது, இறங்கிப் பெட்டி எடுப்பது, மறுபடி அறை கிடைப்பது என்று அரை நாள் போய்விடும். இரண்டு விமானத்துக்கு ஒரு முழு நாள். அந்த நாளை ஈடுகட்டத்தான் பழைய தலைநகரான ஹுவேயும் சம்பா அரசர்களின் கோயில் தொகுதியான மீ சோனும் பட்டியலிலிருந்து கழற்றிவிடப்படுகின்றன. வரலாறு பார்க்க வியட்நாம் போகிறவருக்கு இந்த இரண்டும்தான் முதலில் வேண்டியவை.

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஒரே நாடுதான், ஆனால் இரு பகுதிக்கும் மழை வேறு வேறு நேரத்தில் வருகிறது. நடுப்பகுதியில் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த காலம். செப்டம்பரில் மழை தொடங்கி அக்டோபர், நவம்பரில் வெள்ளமாகும். வடக்கில் அதே அக்டோபர், நவம்பர்தான் ஆண்டின் மிகச் சிறந்த வானிலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே வெக்கையும் புயலும்; பிப்ரவரி, மார்ச்சில் தூறலும் மூடுபனியும். ஆகவே தீபாவளி விடுப்புக்கு வடக்கு, கோடை விடுமுறைக்கு நடுப்பகுதி. மே மாதத்தில் டா நாங் வெயில் நம்மூர் வெயில்தான். அதிகாலையில் கிளம்பினால் சமாளிக்கலாம். பொங்கலை ஒட்டிப் போகிறவர்கள் அவர்களுடைய புத்தாண்டான தெத் எந்தத் தேதி என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த வாரம் பல கடைகள் மூடியிருக்கும், ரயிலில் இடம் கிடைக்காது.

வடக்குச் சுற்று

ஹனோயில் பார்க்க வேண்டிய வரலாறு ஒரு நாளில் அடங்கும். 1070இல் கட்டிய இலக்கியக் கோயிலில் ஆமை முதுகில் நிற்கும் 82 கல்வெட்டுப் பலகைகள் உண்டு. அரசுத் தேர்வில் தேறிய முனைவர்களின் பெயர்ப் பட்டியல். தேர்வுக்குப் போகிற மாணவர்கள் ஆமைத் தலையைத் தடவித் தடவி வழவழப்பாக்கிவிட்டதால் இப்போது தடுப்பு வைத்திருக்கிறார்கள். ஹோ சி மின் நினைவிடம் காலையில் மட்டும்தான்; திங்களும் வெள்ளியும் கிடையாது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

ஹாலாங் விஷயத்தில்தான் பணமும் நேரமும் அதிகம் வீணாகின்றன. ஹனோயிலிருந்து இரண்டரை மணி நேரச் சாலை. ஒரே நாளில் போய்வந்தால் காலை 8க்குக் கிளம்பி இரவு 8க்குத் திரும்பும் பன்னிரண்டு மணி நேரத்தில் ஐந்து மணி நேரம் வேனில் கழியும். வழியில் முத்துக் கடையில் அரை மணி நேரம் நிறுத்துவார்கள். கழிப்பறை அங்கேதான் என்பதால் இறங்காமல் தீராது. படகில் இரவு தங்குவது ‘2 பகல், 1 இரவு’ என்று விற்கப்பட்டாலும் கணக்குப் பார்த்தால் அதிகம் போனால் இருபத்துமூன்று மணி நேரம்: நண்பகலில் ஏறி மறுநாள் பத்தரை, பதினொன்றுக்கு இறங்குவது. அப்படியும் அதுவே மேல். ஒருநாள் படகுகள் கரை திரும்பிய பிறகு, மாலை ஐந்துக்குமேல்தான் அந்தக் கடல் கடலாக இருக்கும். கூட்டம் வேண்டாதவர்கள் கட் பா தீவை ஒட்டிய லான் ஹா விரிகுடாப் படகைக் கேளுங்கள். அதே சுண்ணாம்புக் குன்றுகள்தான், படகுகள் குறைவு. 2023 முதல் அதுவும் யுனெஸ்கோ எல்லைக்குள் வந்துவிட்டது. அறை மேல்தளத்தில், முன்பக்கமாக இருக்கட்டும். கீழ்த்தளப் பின்பக்க அறையில் ஜெனரேட்டர் சத்தம் விடியும்வரை கேட்கும்.

புயல், மூடுபனி என்றால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். 2025 ஜூலையில் திடீர்ச் சூறைக்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதுதான் சரி. ரத்தானால் பணம் திரும்புமா, வேறு தேதி மட்டும்தானா என்பதை முன்பணம் கட்டும்போதே எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் கணக்கில் வடக்கின் உண்மையான வரவு நின் பின். ஹனோயிலிருந்து தெற்கே சுமார் 95 கி.மீ. 968 முதல் 1010 வரை தலைநகராக இருந்த ஹோவா லூ இங்கேதான். ஹனோய்க்குத் தலைநகர் மாறியது இங்கிருந்து. படகுக்கு இரண்டு இடங்கள் போட்டி போடுகின்றன. டாம் கோக்கில் வயல்களுக்கு நடுவே ஆறு. துடுப்பைக் காலால் தள்ளுகிறார்கள். மூன்று குகைகள், சுமார் இரண்டு மணி நேரம். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் நெல் பழுத்து இரு கரையும் மஞ்சளாக இருக்கும்போது இதற்கு ஈடில்லை. மற்ற மாதங்களில் வெறும் தண்ணீர். ஆற்று நடுவில் குளிர்பானப் படகு வந்து ஒட்டி நின்று, ‘துடுப்பு போடுகிற அம்மாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்’ என்று தொடங்கும். டிராங் ஆன் ஒழுங்கான ஏற்பாடு: படகுக்கு நான்கு பேர், ஆளுக்கு 2.5 லட்சம் டாங், ஏறத்தாழ மூன்று மணி நேரம், மூன்று தடங்களில் ஒன்றை நீங்களே சொல்ல வேண்டும். 1ஆம் தடத்தில் குகைகள் அதிகம். 3ஆம் தடத்தில் குறைவு, ஆனால் ஒன்று மட்டும் சுமார் 1 கி.மீ. நீளம். கூரை பல இடங்களில் தலையை இடிக்கும் உயரம். முழுக்கக் குனிந்து உட்கார முடியாதவர்கள், முதுகுவலிக்காரர்கள் டாம் கோக் போவது நல்லது. நின் பின்னிலிருந்து ஹாலாங்குக்கு நேரே வண்டி உண்டு. ஹனோய்க்குத் திரும்பி வர வேண்டியதில்லை.

நடுப்பகுதிச் சுற்று

டா நாங் விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் வழியாக வந்து இறங்கலாம். மையம் இதுவாக இருக்க, ஹுவே வடக்கே 100 கி.மீ., ஹோய் அன் தெற்கே 30 கி.மீ., அங்கிருந்து மீ சோன் சுமார் 40 கி.மீ. உள்நாட்டு விமானமே வேண்டாம். வரலாறுதான் நோக்கம் என்றால், மாதமும் ஒத்துவந்தால், எங்கள் ஓட்டு இதற்கே.

மீ சோன் போகுமுன் டா நாங் சாம் சிற்ப அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். சாம் என்பவர்கள் இந்தப் பகுதியை ஆண்ட சம்பா அரசின் மக்கள். வரிசை முக்கியம். மீ சோன் பள்ளத்தாக்கில் நிற்பவை பெரும்பாலும் காலிக் கோபுரங்கள். சிலைகள் இங்கே இருக்கின்றன. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மீ சோன் E1 கோயிலின் பீடத்தை முதலில் பார்த்துவிட்டால், அங்கே போய் நிற்கும்போது அந்த வெற்றிடத்தில் என்ன இருந்தது என்று மனக்கண்ணில் வைத்துப் பார்க்கலாம். இலிங்கங்கள் நம் ஆகமக் கணக்கிலேயே இருக்கும்: அடியில் சதுரமான பிரம்ம பாகம், நடுவில் எண்பட்டையான விஷ்ணு பாகம், மேலே உருண்டையான ருத்ர பாகம்.

மீ சோனை 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியவன் சம்பா அரசன் பத்ரவர்மன். அவன் நிறுவிய இறைவன் பெயர் பத்ரேசுவரர். மன்னன் பெயரையும் ஈசுவரன் பெயரையும் சேர்த்து ஒட்டும் இந்த வழக்கம் தஞ்சை இராசராசேசுவரத்தை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் இது தஞ்சைக்கு ஆறு நூற்றாண்டு முந்தியது. செங்கற்களுக்கு இடையே சாந்து இருப்பதே தெரியாது, சிற்பத்தைச் செங்கல் சுவரின்மேலேயே செதுக்கியிருக்கிறார்கள். எப்படி ஒட்டினார்கள் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. பழுதுபார்த்த புதுச் செங்கல் வெளுத்தும் பாசி பிடித்தும் தெரியும், பக்கத்தில் உள்ள பழைய செங்கல் சிவந்தே இருக்கும்; ஒரு கை அகலத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். கோபுரங்களை எழுத்திட்டுத் தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்; அவற்றில் B, C, D தொகுதிகள்தான் ஓரளவு முழுமையாக நிற்பவை. A தொகுதியின் பெரிய கோபுரம் 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் போயிற்று. அதே A தொகுதியில்தான் இந்தியத் தொல்லியல் துறை சீரமைப்பு செய்தபோது, 2020இல், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் இலிங்கம் கிடைத்தது. பல குழுக்கள் B, C, D முடிந்ததும் திரும்பிவிடும். A தொகுதி வரை வருகிறாரா என்று வழிகாட்டியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

போகிற நேரம்: காலை 8க்குள் உள்ளே இருக்க வேண்டும். சுற்றிலும் மலை, காற்று நுழையாத கிண்ணம் மாதிரி இடம்; பத்து மணிக்குமேல் வெப்பம் உட்காரவைத்துவிடும். சீட்டு 1.5 லட்சம் டாங், வாசலிலிருந்து பேட்டரி வண்டி கொண்டுபோய் விடும்.

ஹுவேயை டா நாங்கிலிருந்து ஒரே நாளில் முடிப்பதாக விற்பவரிடம் வாங்காதீர்கள். போகவர ஐந்து மணி நேரம் போனால் அரண்மனைக்கு ஒன்றரை மணி நேரம் மிஞ்சும். 1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்தின் தலைநகர் அது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மதில்கள், வெளி மதிலின் சுற்றளவே சுமார் 10 கி.மீ. ஓர் இரவாவது தங்க வேண்டும். அரண்மனைக்கு 2 லட்சம், மின் மாங், து டுக், காய் தின் ஆகிய அரசர்களின் கல்லறைகளுக்குத் தலா 1.5 லட்சம் டாங். தனித்தனியாக எடுத்தால் 6.5 லட்சம், இரண்டு நாள் செல்லும் கூட்டுச் சீட்டு 5.3 லட்சம். இரண்டு கல்லறைதான் பார்க்க முடியும் என்றால் 4.2 லட்சத்துக்கு வேறொரு சீட்டு. சுமார் 300 டாங் ஒரு ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். கட்டணங்கள் அவ்வப்போது திருத்தப்படும்.

அரியணை மண்டபமான தாய் ஹோவா நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2024 நவம்பரில் திறந்தது. எல்லோரும் அதற்கே ஓடுகிறார்கள். அதைவிட வம்சக் கோயிலின் முன் வரிசையாக நிற்கும் ஒன்பது வெண்கலக் கொப்பரைகளுக்கு அரை மணி நேரம் கொடுக்கலாம். 1835க்கும் 1837க்கும் இடையில் வார்த்தவை. ஒவ்வொன்றிலும் மலை, ஆறு, மரம், கப்பல், பீரங்கி என்று பதினேழு உருவங்கள். நாட்டின் பொருட்பட்டியலையே உலோகத்தில் அடித்து வைத்த மாதிரி. நடுக் கொப்பரை மட்டும் வரிசையைவிட்டுச் சற்று முன்னால் நிற்கும். அது வம்சத்தைத் தொடங்கிய ஜியா லாங்குக்கு உரியது.

ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு ரயிலில் வாருங்கள். இரண்டரை மூன்று மணி நேரம். ஹாய் வான் மலையைக் கடலோரமாகச் சுற்றி வரும். தெற்கு நோக்கி வரும்போது இடப்பக்க இருக்கை. கார் என்றால் சுரங்கப்பாதை வேண்டாம், கணவாய் வழியே போக வேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஓட்டுநர் 6 கி.மீ. சுரங்கத்துக்குள் விட்டுவிடுவார், மலையும் கடலும் கண்ணில் படாது.

ஹோய் அன் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஐந்து இடங்களுக்கான 1.2 லட்சம் டாங் சீட்டில் ஒன்றை டான் கீ என்ற பழைய வணிகர் வீட்டுக்கு வையுங்கள். சுவரில் ஆண்டுவாரியாக வெள்ள மட்டத்தைக் குறித்திருப்பார்கள். 1964ஆம் ஆண்டுக் குறியின் கீழே நின்று பார்த்தால் அக்டோபரில் ஏன் வரக்கூடாது என்பது விளங்கும். 2018இல் திறந்த தங்கப் பாலம் இருக்கும் பா நா மலை ஒரு கேளிக்கைப் பூங்கா. பிள்ளைகள் இருந்தால் போகலாம், வரலாற்றுக்கு அங்கே வேலையில்லை.

வழிகாட்டி எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

மூன்று வழிகள் உண்டு. ஊரிலிருந்தே கூட்டிப்போகும் குழு: மொழிக் கவலை இல்லை, தினமும் இந்தியச் சாப்பாடு. ஆனால் அந்தச் சாப்பாட்டுக்காக மாலை ஆறரைக்கே எங்கிருந்தாலும் பஸ் ஏற வேண்டும். ஹோய் அன் விளக்கு ஏற்றும் நேரம் அது. இரண்டாவது, அங்கே தினசரி கிளம்பும் பங்குச் சுற்றுலா: மலிவு, டிராங் ஆன், ஹாலாங் போன்ற இடங்களுக்குப் போதும். ஓட்டல் ஓட்டலாகப் போய் ஆளேற்றுவதில் ஒரு மணி நேரம் கழியும். மூன்றாவது, காரும் ஓட்டுநரும் தனியாக, வழிகாட்டியை வேண்டிய இடத்துக்கு மட்டும் அமர்த்துவது. நான்கு பேர் இருந்தால் இதுவே மிச்சம். ஓட்டுநர் வழிகாட்டி அல்ல என்பதை நினைவில் வையுங்கள். ஆங்கிலம் பெரும்பாலும் வராது, உள்ளேயும் வரமாட்டார்.

ஹுவே அரண்மனை, மீ சோன் இரண்டுக்கும் அரசு அட்டை உள்ள வழிகாட்டியை அமர்த்துங்கள். அங்கே பாதி இடம் வெறும் அடித்தளம், சொல்ல ஆள் இல்லாவிட்டால் புல்வெளிதான். ஹோய் அன், ஹாலாங், நின் பின் படகு எதற்கும் தேவையில்லை.

சைவ உணவுக்காரர்களுக்கு நடுப்பகுதியே சுலபம். ஹுவே புத்த மடங்களின் ஊர்; ‘சாய்’ (சைவ உணவு) என்று பலகை வைத்த கடைகள் ஏராளம், சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே உள்ளூர்க் கூட்டமே அலைமோதும். மற்ற இடங்களில் ‘காய்கறி மட்டும்’ என்று கேட்டாலும் மீன் சாறான நுவொக் மாம் விழுந்துவிடும், சூப் எலும்புத் தண்ணீரில் வரும். ‘ஆன் சாய்’ என்று சொன்னால்தான் இரண்டும் இல்லாமல் கிடைக்கும்.

20,000 தாளும் 5 லட்சம் தாளும் இரண்டுமே நீலம். இருட்டில் டாக்சிக்குக் கொடுக்கும்போது 67 ரூபாய்க்குப் பதில் 1,670 ரூபாய் போய்விடும். 5 லட்சம் தாள்களைத் தனிப் பையில் வையுங்கள்.

இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை. நுழையும் விமான நிலையத்தை விண்ணப்பத்திலேயே தேர்வு செய்ய வேண்டும், ஆகவே வடக்கா நடுவா என்று முடிவெடுத்த பிறகு விண்ணப்பியுங்கள். நம்மவர் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். விமானச் சீட்டில் பெயரை இரண்டு முறை போட்டிருப்பார்கள். விசா விண்ணப்பத்தில் அதைப் பார்த்து எழுதாமல், பாஸ்போர்ட்டின் படப் பக்க அடியில் உள்ள இரண்டு வரிகளில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். ஓரெழுத்து மாறினாலும் புதிதாக விண்ணப்பித்து மறுபடி 25 டாலர் கட்ட வேண்டியிருக்கும். அதற்கும் நேரம் இருக்கும்படி பயணத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே போட்டுவிடுங்கள்.